மயில்சாமியின் தறி

ஜூலை 8, 2024, திங்கள்

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிட்டோம். மகள் வீடுதான், மஞ்சுளா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் அந்த அடுக்குமாடியில் குளியலறைக் குழாயைத் திறக்கவே எனக்குப் பயம். எந்தப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர் என்று கடைசிவரை யாரையும் கேட்கவில்லை. பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்தேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கை அல்ல, சொல்.

ஜூன் மாத நடுவில் ஒரு காலை. குளித்துவிட்டு, "ராமாத்தா, அந்த மோகனூரை எடு" என்றேன்.

"மோகனூருக்கு இப்ப எதுக்குங்க?" என்றாள் என் மனைவி.

கொடியில் கிடந்த துண்டைக் காட்டி மறுபடியும் மோகனூர் என்றேன். செருப்பும் மோகனூர். தண்ணீரும் மோகனூர். மோகனூர் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஊர்மேல் மரியாதை உண்டு. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அதன் பெயரை வைக்கும் அளவுக்கு இல்லை. ராமாத்தாளுக்குக் காது மந்தம் வேறு. கோளாறு தன் காதில்தான் என்று முதலில் நினைத்தாளாம். அதில் கொஞ்ச நேரம் வீணாயிற்று.

ஸ்கேனில் தெரிந்தது: தலையின் இடது பக்கம், காதுக்கு மேலே, சொற்கள் குடியிருக்கும் இடத்தில் இரத்தக் கசிவு. விழவில்லை, அடிபடவில்லை. தானாகவே கசிந்திருக்கிறது. நல்லவேளையாகச் சிறியது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. ஏன் கசிந்தது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாதவரை மறுபடியும் வரலாம் என்கிறார் டாக்டர். அடுத்த முறையும் சொற்கள் திரும்பி வருமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் சமையலறையில் நின்று ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். கரண்டி, சல்லடை, உப்பு, டம்ளர். இட்லித் தட்டின் முன் மட்டும் சற்றுத் தயங்கினேன். அதுவும் வந்துவிட்டது.

ராமாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னங்க, பாத்திரத்தை ஏலம் உடப் போறீங்களா?"

ஜூலை 11, வியாழன்

பின்வீட்டு மயில்சாமியின் தறி பற்றி எழுதவேண்டும். புகார் அல்ல. எழுதினால் மனம் ஆறும், அவ்வளவுதான்.

எங்கள் மதில் சுவருக்கு அப்பால் தகரக் கொட்டகை போட்டு விசைத்தறி ஓட்டுகிறார். வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். ஆனால் இப்போது மதியம் கண்ணை மூடினால் அதுவேதான் கேட்கிறது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இன்னும் தெளிவு. முன்பெல்லாம் 'டக்கட டக்கட' என்று இருக்கும். இப்போது அதன் முனை மழுங்கி 'உஸ்... உஸ்...' என்று வருகிறது. வேகமும் குறைவு. கனமான துண்டு ரகம் ஏதாவது போட்டிருப்பார். அல்லது கொட்டகைக்குள் தெர்மகோல் அடித்து, நம் தூக்கம் கெடக்கூடாது என்று பார்த்திருப்பார். அப்படியானால் நல்ல மனிதர். நான்தான் குறை காண்கிறேன்.

மஞ்சுளா வீட்டிலும் இதே சத்தம் இருந்தது. சேலம் அம்மாபேட்டைப் பக்கம் தறி இல்லாத தெரு ஏது. இந்த இரண்டு ஜில்லாவில் எங்கே போய்ப் படுத்தாலும் பக்கத்தில் யாரோ நெய்துகொண்டுதான் இருப்பார்கள்.

மதியம் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் தறி ஓடினால்தான் அவர் வீட்டில் சோறு. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு படுத்திருப்பவன் அதைச் சொல்வது நியாயமா? தவிர, பேசப் போய் நடுவில் மோகனூர் என்று வந்துவிட்டால்?

ராமாத்தாள் கொடுத்து வைத்தவள். காது கேட்காது. நன்றாகத் தூங்குகிறாள்.

ஜூலை 15, திங்கள்

மாடியில் மிளகாய் காயப் போட்டுவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தேன். தறி வேகமாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே மெதுவானது. இந்தத் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று நான் எப்போதோ சொன்னேன்.

ஜூலை 20, சனி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, தெருமுனை மாவு மில் நின்றது. மயில்சாமியின் தறி நிற்கவில்லை.

ஜெனரேட்டர் வாங்கிவிட்டார் போலிருக்கிறது. நூல் விலை ஏறிப்போச்சு, கூலி கட்டுபடியாகலை என்று போன வருடமெல்லாம் அழுதுகொண்டிருந்தார். பரவாயில்லை, முன்னேறட்டும்.

ஜூலை 26, வெள்ளி

சேலம் போய் வந்தோம். டாக்டர் சண்முகப்பிரியாவுக்கு மஞ்சுளாவின் வயதுதான் இருக்கும். பேனாவைக் காட்டினார், பேனா என்றேன். கைக்கடிகாரத்தைக் காட்டினார், கைக்கடிகாரம் என்றேன். எங்கே மூன்றாவதாக இட்லித் தட்டைக் காட்டிவிடுவாரோ என்று பயந்தேன்.

"சார், இந்த மாதிரிக் கசிவுக்கு வழக்கமா பிரஷர்தான் காரணம். இல்லேன்னா ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடற மாத்திரை. உங்களுக்கு ரெண்டும் இல்ல. அதனால இனி அபூர்வமான காரணங்களைத்தான் தேடணும்."

என்னை அபூர்வம் என்ற சொல்லோடு சேர்த்து யாரும் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

எத்தனை விதமாகக் கசியலாம் என்று பொறுமையாகச் சொன்னார். வயதானவர்களுக்கு மூளையின் சிறு குழாய்ச் சுவரில் ஒருவகைப் புரதம் படிந்து, குழாய் பழைய ரப்பர்போல் ஆகிவிடுமாம். சிலருக்குப் பிறவியிலேயே இரத்தக்குழாய்கள் சிக்குப் பிடித்த நூலாகக் கிடக்குமாம்; பாதி ஆயுள்வரை சாதுவாக இருந்துவிட்டு ஒருநாள் கசியுமாம். மல்பெரிப் பழம்போலச் சின்னக் கொத்து ஒன்று உண்டாம். இரத்தம் வெளியேறும் சிரைக்குள் உறைந்து அடைத்தாலும், பின்னால் தேங்கிப் பீறிடுமாம். முதலில் ஜப்பானில் கண்டுபிடித்த இன்னொன்று படத்தில் புகைபோலத் தெரியுமாம். கேட்கக் கேட்க, இத்தனை வழி இருந்தும் பெரும்பாலோர் தலை கசியாமல் நடமாடுவதுதான் அபூர்வம் என்று பட்டது.

"வீட்டுல எலி மருந்து வெச்சிருக்கீங்களாம்மா?" என்று ராமாத்தாளைக் கேட்டார். சிலவகை எலி மருந்து உடம்புக்குள் போனால் இரத்தம் உறையாமல் போகுமாம். அதற்காகக் கேட்டது.

ராமாத்தாளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "இவருக்குங்களா? நான் எதுக்குங்க வெக்கறேன்? பாவம், அவரு பாட்டுக்குக் கெடக்கறாரு."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு என்னிடம் பல கேள்விகள். பார்வை மங்குகிறதா? இல்லை. வலிப்பு? இல்லை. "காதுக்குள்ள ஏதாவது இரைச்சல் கேக்குதா சார்?" இல்லைங்க என்றேன். இல்லைதானே. காதுக்குள்ளே ஒன்றும் இல்லை, வெளியே மயில்சாமி இருக்கிறார். அதை நரம்பு டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நகராட்சியில் அல்லவா சொல்லவேண்டும்.

கடைசியில் ஆஞ்சியோ என்றார். தொடை இடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய குழாயைத் தலைவரை விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுப்பது. சாதாரண ஸ்கேனுக்குத் தெரியாத சின்ன விஷயமும் அதில் தெரியுமாம். மிகச் சிலருக்கு அதனாலேயே பக்கவாதம் வருவதும் உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி, இரத்தம் முழுக்கக் கரைந்ததும் செப்டம்பர் கடைசியில் ஒரு ஸ்கேன் எடுக்கலாம், அதற்குள் முடிவு பண்ணுங்கள், ரொம்பத் தள்ளாதீர்கள் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ராமாத்தாளுக்குத் தெரியும்.

ஜூலை 27, சனி

யோசித்தேன். புரதமாகத்தான் இருக்கும். வயதுக்குப் பொருத்தமானது அதுதான். அதற்கு மருந்து இல்லையாம். மருந்து இல்லாத வியாதிக்கு எதற்குத் தொடையில் குத்திக்கொள்வது?

இது பகுத்தறிவா, பயமா? இரண்டும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. மஞ்சுளா வந்தாள். அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கி வந்திருக்கிறாள். ராமாத்தாள் அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கு கண்ணு இந்த வெட்டிச் செலவு? உங்கப்பா பேசறதே நாளைக்கு நாலு வார்த்தை. அதுவும் கேக்கலீன்னா என்ன கொறைஞ்சு போச்சு?"

"அந்த நாலு வார்த்தைக்குத்தாம்மா. அன்னைக்கு அப்பா துண்டைத்தான் மோகனூர்னு கேக்கறார்னு சட்டுனு புரிஞ்சிருந்தா, ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே போயிருக்கலாமில்ல?"

மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் முதலில் சொன்னது: "நம்மூட்டு ஃப்ரிட்ஜ் இப்படியா கத்தும்?" பிறகு வீடு முழுக்க நடந்து, ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

எனக்கு உள்ளூரப் பாவமாக இருந்தது. இனி இவளுக்கும் அந்தத் தொல்லை வந்து சேரும். மதிலைக் கண்ணால் காட்டி, "இனி அது உனக்கும் கேக்கும், பழகிக்கோ" என்றேன்.

"எது, அவிய ஊட்டு டிவியா? கேக்குது, கேக்குது. நாடகம் ஓடுது."

தறியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த மிஷின்கள் விடாமல் வரும் இரைச்சலைத் தானாகவே வடிகட்டிவிடும் என்று பெட்டியில் இருந்த தாளில் போட்டிருக்கிறது. அற்புதமான கருவி. எனக்கும் ஒன்று வேண்டும் என்று மஞ்சுளாவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எருமப்பட்டியில் ஒறம்பரைக் கல்யாணம், தூரத்துச் சொந்தம். சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்தேன். நாலு பக்கமும் சோளக்காடு. அங்கேயும் தறி. எருமப்பட்டியும் முன்னேறிவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

முடிவு எடுத்துவிட்டேன். ஆஞ்சியோ பற்றி அல்ல, தறி பற்றி. நாளை மயில்சாமியிடம் பேசுகிறேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன்.

"மயில்சாமி, நல்லா இருக்கீங்களா? தொழில் எல்லாம் எப்படிப் போகுது? ஒண்ணுமில்லை, மத்தியானத்துல மட்டும்..."

இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். 'ஒண்ணுமில்லை' என்றுதான் என்னுடைய எல்லா வேண்டுகோளும் தொடங்குகின்றன. ஒன்றுமில்லை என்று சொன்னபிறகு கேட்பவர் என்ன செய்வார்?

ஆகஸ்ட் 23, வெள்ளி

இதை எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். இது பயத்தால்தான், வேறு எதனாலும் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மதியம் சாப்பிட்டதும் போனேன். பின்தெருவுக்கு நான் போய் மாதங்கள் ஆகின்றன. போனால் தலை எப்படி இருக்கு என்று எல்லாரும் கேட்பார்கள், எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டும், அதனால் போவதில்லை. மயில்சாமி கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. தலை எப்படியிருக்குது?"

பரவாயில்லை என்றேன். தொழில் எப்படி என்றேன். ஒத்திகையில் இல்லாத தைரியம் எங்கிருந்தோ வந்தது. "ஒண்ணுமில்லை, மத்தியானத்துல மட்டும் தறியைக் கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா..."

பல்குச்சியை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"எந்தத் தறிங்க சார்?"

"உங்க தறிதான்."

"என்ற தறியா? அதைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்களே. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே லாரி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே கோழித்தீவன மூட்டைகள். யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறார். தறிகள் நின்ற இடத்தில் நான்கு நான்காக எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

உள்ளே போய் நின்றேன். உஸ்... உஸ்... உஸ்...

"மயில்சாமி, இங்க இப்ப ஏதாச்சும் ஓடுதா?"

"எலிதான் சார் ஓடுது."

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கருவி காட்டும் அளவில் சந்தேகம் வந்தால், அதே கருவியில் மறுபடியும் பார்க்கக்கூடாது. வேறொன்றில் பார்க்கவேண்டும். என்ன தோன்றியதோ, இடது மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பிடித்தேன்.

இரண்டும் ஒன்றாக ஓடின. ஒரு துடிப்புக்கு ஒரு உஸ். விடாமல், பிசகாமல்.

மாடிப்படி ஏறி இறங்கியதும் வேகமானது வோல்டேஜ் இல்லை. கரண்ட் போனபோதும் ஓடியது ஜெனரேட்டர் இல்லை. எருமப்பட்டி முன்னேறவில்லை.

இல்லாத தறியை நிறுத்தச் சொல்லி ஒரு மனிதனிடம் கெஞ்சப் போயிருக்கிறேன். அதைவிட மோசம் - டாக்டர் கேட்டார். நேராகவே கேட்டார். இல்லைங்க என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

ராமாத்தாளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று காலையில் காபி ஆறும்வரை யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். தெரிந்துவிட்டால் தொடையில் குத்துவார்கள்.

"தறி வித்தது உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னேனுங்க. நீங்க மோகனூர்னு சொன்னீங்க. சரி, கேட்டுக்கிட்டாருன்னு உட்டுட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, தன் காதை என் இடது காதுக்குப் பின்னால் ஒட்டிவைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பட்டப்பகலில் கூடத்தில் இப்படி நின்றதில்லை. கதவு வேறு திறந்திருந்தது. அவள் காது மிஷின் 'கீய்ய்' என்று கத்தியது. பதறி விலகினாள்.

"இதென்னங்க, உங்களுக்குள்ள நெசமாவே மில்லு ஓடுதா?"

"அது உன் மிஷின். கிட்ட வந்தா அப்படித்தான் கத்தும்."

அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு மஞ்சுளாவுக்கு அவளே போன் போட்டாள். மிஷின் இல்லாததால் ஊருக்கே கேட்கும்படி பேசினாள். இந்நேரம் பின்தெருவுக்கும் என் தலைக்குள் தறி ஓடுவது தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின்மேல் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்பதுபோல் இருந்தது. பிறகு மஞ்சுளாவைக் கூப்பிட்டு, அவள் காதிலும் மாட்டிவிட்டார்.

மஞ்சுளாவின் முகம் மாறியது. "அப்பா, கேக்குது."

இவ்வளவு நாள் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது இன்னொருவருக்கும் கேட்டுவிட்டது. ஏனோ கண் கலங்கியது.

"போன தடவை காதுல இரைச்சல் உண்டான்னு கேட்டேனே சார்?"

"காதுக்குள்ளேன்னு கேட்டீங்க. நான் தறின்னு நினைச்சேன்."

அவர் இந்தமுறை சிரிப்பை அடக்கவில்லை. "நானும் பள்ளிபாளையத்துக்காரிதான் சார். நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்." இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார் என்று தெரியும். இருந்தாலும் ஆறுதலாக இருந்தது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். மூளையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறையில், காதுக்குப் பின்னால், தமனி ஒன்று வழி தவறி நேராகச் சிரைக்குள் திறந்துகொண்டிருக்கலாம். கொதிகலனிலிருந்து வரும் நீராவிக் குழாயைத் தண்ணீர் வடியும் குழாயோடு நேராக இணைத்துவிட்டால் எப்படி? வடிகுழாய் எத்தனை நாள் தாங்கும்? வேகமாகப் பாயும் சத்தம்தான் உஸ். தாங்காமல் சிரை உடைந்ததுதான் ஜூன் மாதக் கசிவு. பிறவியில் வந்ததல்ல, வயதான காலத்தில் ஏனென்று தெரியாமல் உண்டாவதாம். இதுவும் அபூர்வப் பட்டியலில் ஒன்று.

"வயசுன்னு நினைச்சு விட்டிருந்தா?" என்று மஞ்சுளா கேட்டாள்.

"ஒரு தடவை கசிஞ்சாச்சு. அடைக்காம விட்டா மறுபடி கசியறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். இந்தத் தடவை மாதிரி சின்னதா இருக்கும்னு சொல்ல முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல சேதி என்னன்னா, புரதம் படிஞ்சிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இதை அடைக்கலாம். குழாய் வழியாவே போய்ப் பசை மாதிரி ஒரு மருந்தை விட்டு அடைச்சிடுவாங்க. யோசிச்சுச் சொல்றீங்களா?"

ராமாத்தாள் மிஷினைச் சரியாக மாட்டியிருந்தாள். "அவரு யோசிச்சாச்சுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 28, புதன், ஆஸ்பத்திரி

ஆஞ்சியோ எடுத்தார்கள். குத்தியது எறும்பு கடித்த அளவுதான். இதற்காகவா ஒரு மாதம் தூங்கவில்லை. படத்தில் டாக்டர் காட்டினார்: மெல்லிய நூல்போல் போகவேண்டிய சிரை முறுக்கிக்கொண்டு புடைத்து நின்றது. இணைப்பு இருந்த இடம் கடுகளவு.

நாளை அடைக்கிறார்கள். இதற்கு முழு மயக்கம் உண்டு. கையெழுத்து வாங்கினார்கள். படித்துப் பார்த்துப் போட்டேன். படித்திருக்கக்கூடாது.

சாயங்காலம் ராமாத்தாளிடம் சொன்னேன். "ஒருவேளை எந்திரிக்கும்போது மறுபடியும் எல்லாமே மோகனூர்னு வந்துட்டா என்ன பண்றது?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "ஒரு தடவ மோகனூர்னா சோறு. ரெண்டு தடவன்னா காபி. மூணு தடவ சொன்னா கோவமா இருக்கீங்கன்னு வெச்சுக்கறேன். நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை போதுமுங்க, சமாளிச்சுக்கலாம்."

கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். உரித்த ஆரஞ்சையே மறுபடியும் மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தாள். சுளைமேல் ஒரு நார்கூட இல்லை.

ஆகஸ்ட் 31, சனி, ஆஸ்பத்திரி

கேட்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு, ஆஸ்பத்திரி

நேற்று ஒரே சொல்லுக்குமேல் எழுத முடியவில்லை. அசதி.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது ஏசியின் சத்தம். பிறகு யாரோ செருப்பை இழுத்து நடக்கும் சத்தம். அவற்றுக்கு அடியில் எப்போதும் இருந்த அந்த உஸ் இல்லை. நோயாளிகளும் மிஷின்களும் நிறைந்த அந்த அறை எனக்கு அவ்வளவு அமைதியாக இருந்தது.

நர்ஸ் அனிதா வந்து பேச்சுக் கொடுத்தார். என் நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். பெயர் கேட்டார், சொன்னேன். எந்த ஊர் என்றார், திருச்செங்கோடு என்றேன்.

"எங்க சார் வேலை பார்த்தீங்க?"

"மோகனூர்."

திரைக்கு அந்தப் பக்கம் ராமாத்தாள் நின்றிருக்கிறாள். இந்த ஒரு சொல் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. "அய்யோ சாமி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மஞ்சுளா ஓடி வந்திருக்கிறாள். ஒன்றும் புரியாமல் அனிதா திரையை விலக்கினார்.

"ராமாத்தா, அவங்க வேலை பார்த்த ஊரைக் கேட்டாங்க" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லை."

அந்த ஒண்ணுமில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக, உண்மையிலேயே ஒன்றுமில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு தடவ சொன்னீங்க. சோறு வேணுமாக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

செப்டம்பர் 9, திங்கள்

வீடு. மதியம் இடது பக்கம் சாய்ந்து தூங்கினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மயில்சாமி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "நான் தறி போட்டுப் பேரு வாங்கினதைவிட, போடாம வாங்கின பேருதான் சார் பெருசு" என்றார். தெருவில் எல்லாரும் அவரிடம் விசாரிக்கிறார்களாம். நான் அவரிடம் பேசப் போகாமல் இருந்திருந்தால், செப்டம்பர் கடைசி ஸ்கேன்வரை புரதம் என்றே இருந்திருப்பேன். அதற்குள் என்ன ஆகியிருக்குமோ. இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். சொன்னேன்.

டிசம்பர் 6, வெள்ளி

மறுபடியும் ஆஞ்சியோ. அடைப்பு அப்படியே நிற்கிறது. புடைத்திருந்த சிரை சுருங்கி இருக்கிறது. டாக்டர் காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "லாரி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு சார்" என்றார். இந்தக் கதையை அவருக்கு யார் சொன்னது? மஞ்சுளாவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கண் சொருகும்போது - டக்கட, டக்கட, டக்கட.

எழுந்து உட்கார்ந்தேன். அறை வாசலுக்குப் போய், "ராமாத்தா, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றேன்.

"ஏனுங்க, கேக்காம என்ன? காது கிழியுது." மிஷினைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "தீவன மூட்டையெல்லாம் காலி பண்ணிட்டாங்களாமா. பள்ளிபாளையத்துல இருந்து யாரோ வந்து புதுசாத் தறி போட்டிருக்கறாங்க. மத்தியானத்துல சித்தெ நிறுத்தச் சொல்லிட்டு வாங்க. இனி உங்களுக்கென்ன, பேசிப் பழகிட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். நானும் வந்து இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பிடித்தேன். தறி அது பாட்டுக்கு ஒரு வேகத்தில், நாடி அது பாட்டுக்கு ஒரு வேகத்தில். எவ்வளவு நேரம் பார்த்தும் இரண்டும் சேரவில்லை.

நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு ஓடட்டும்.